‘அருளர்’ ஆல்பம்: கேட்டவர்கள் ஏன் கட்சி பிரிந்தார்கள்?

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் விடியலுக்கு முன்பே ஓசூருக்குக் கிளம்பும் கம்பெனி பஸ்களில், ஒரு இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு பெண்கள் பாட்டுக் கேட்டபடி போவது அன்றாடக் காட்சி. தமிழ் ராப் கேட்கப் பழகிய பிள்ளைகளின் போனில் என்றாவது ஒருநாள் எம்.ஐ.ஏ. என்ற பெயர் வந்து நிற்கும். ஈழத் தமிழ்ப் பெண், லண்டன்வாசி, ராப் பாடுபவர் என்ற அறிமுகத்தோடு அவருடைய முதல் ஆல்பம் ‘அருளர்’ ஓடத் தொடங்கும். முடிந்ததும் மூன்று கேள்விகள் வரும். இது பாட்டா, கத்தலா? இவர் புலிகள் ஆளா? இதையெல்லாம் இவரே செய்தாரா, கூட இருந்த அமெரிக்க டிஜே செய்து கொடுத்தாரா?

2005 மார்ச்சில் ஆல்பம் வெளியானபோது லண்டனிலும் நியூயார்க்கிலும் கேட்டவர்கள் எழுப்பியதும் இதே கேள்விகளைத்தான். இருபது வருடம் கழிந்தும் அவை தீராமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னொன்றின் தலையில் கட்டுவதால்தான் வாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. அடிப்படையிலிருந்து தொடங்கினால் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் சில சொற்கள்

ராப் என்பது தாளத்தின் மேல் பேசுவது. ராகம் பின்னால் போய்விடும், சந்தம் முன்னால் வந்துவிடும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஒரு குடியிருப்பின் பொது அறையில் நடந்த விருந்தைத்தான், ராப் வளர்ந்த ஹிப்ஹாப் கலையின் பிறப்பாகச் சொல்வார்கள். அன்று இசைத்தட்டு ஓட்டிய டிஜே கூல் ஹெர்க்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் புதுத்துணி எடுக்கப் பணம் வேண்டும் என்று அந்த விருந்துக்கு ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்பல். இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய வேலை யார் பெயரில் எழுதப்படுகிறது என்ற விஷயம் பின்னால் மறுபடி வரப்போகிறது.

1. பீட்: பாட்டுக்கு அடியில் ஓடும் தாளக்கட்டு. நம் பக்கத்துப் பம்பைக்காரர் அடித்துக்கொண்டே இருக்க, மேலே ஒருவர் சாமியை வர்ணித்துப் பாடுவதை நினைத்துக்கொண்டால் போதும்.

2. ஃப்ளோ: அந்தத் தாளத்தில் சொற்களை எங்கே வைப்பது, எங்கே தள்ளிப் போடுவது, எங்கே மூச்சு விடுவது என்பது. ராப் பாடுபவரின் திறமையை முதலில் இதை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

3. சாம்பிள்: பழைய பதிவு ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பாட்டில் ஒட்டுவது. சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். 2004 செப்டம்பரில் வரவேண்டிய ‘அருளர்’ அடுத்த மார்ச் வரை தள்ளிப்போனதற்கு இந்த அனுமதிச் சிக்கல்தான் காரணம்.

4. மிக்ஸ்டேப்: கம்பெனி முறைப்படி வெளியிடும் ஆல்பத்துக்கு முன்பாகவோ வெளியிலோ, கையிலிருக்கும் பாட்டுகளையும் பிறர் பாட்டுகளின் துண்டுகளையும் கலந்து பரப்புவது.

5. ப்ரொடியூசர்: சினிமாவில் பணம் போடுபவருக்கு இந்தச் சொல். ராப்பில் பீட்டையும் ஒலியையும் கட்டிக் கொடுப்பவருக்கு. இந்த ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்தே பாதிச் சண்டை வந்தது.

மாதங்கி யார், அருளர் யார்

எம்.ஐ.ஏ.வின் இயற்பெயர் மாதங்கி அருட்பிரகாசம். 1975ல் லண்டனில் பிறந்தார். மாயா என்பது அழைக்கும் பெயர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் இலங்கைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தார், இடையில் கொஞ்ச காலம் சென்னையில் இருந்தார். 1986 வாக்கில் அம்மா, அக்கா, தம்பியோடு அகதியாக மறுபடி லண்டன் போய்ச் சேர்ந்தார். தெற்கு லண்டனில் அரசுக் குடியிருப்பு வீடு, அம்மாவின் தையல் வருமானம். பிறகு ஓவியக் கல்லூரி.

எம்.ஐ.ஏ. என்ற எழுத்துகள் ராணுவக் கணக்கேட்டில் ‘போரில் காணாமற்போனவர்’ என்பதைக் குறிப்பவை. ஈழத்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

‘அருளர்’ என்பது அவருடைய அப்பாவின் இயக்கப் பெயர். தமிழ் வாசகர்களில் மூத்தவர்களுக்கு இவரை வேறு வழியாகத் தெரிந்திருக்கும். 1977 இனக்கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழர்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போன கப்பலைப் பற்றிய ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர் அவர். ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஈரோஸ் வேறு, விடுதலைப் புலிகள் வேறு. இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் இதைச் சொன்னால் “இது தெரியாதா” என்பார்கள். மேற்கத்தியப் பத்திரிகைகள் பலவற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. ‘புலித் தலைவரின் மகள்’ என்று எழுதினார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அப்பா வீட்டில் இருந்து வளர்த்தவர் அல்ல. ஆல்பத்துக்கு அவர் பெயரை வைத்தால் எங்கிருந்தாலும் அவர் கண்ணில் படும் என்பதும் ஒரு எண்ணம் என்று மாயா சொல்லியிருக்கிறார். கண்ணில் பட்டது. பெயரை மாற்றச் சொல்லி அப்பாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகள் மாற்றவில்லை.

பிரிவு எங்கே தொடங்கியது

தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பக்கம் உட்கார்ந்து, மன்மதன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடியப் பாடுவார்கள். அங்கே இரண்டு கட்சிக்கும் கேள்வி ஒன்றுதான். ‘அருளர்’ விஷயத்தில் ஒரு கட்சி ஒலியைப் பற்றிப் பேசியது, இன்னொரு கட்சி ஆளைப் பற்றிப் பேசியது. அதனால் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் சொல் பதிலாக அமையவே இல்லை.

1. பாட்டா, கத்தலா?

ஆல்பத்தின் கச்சா வடிவம் வீட்டு அறையில் உருவானது. ரோலண்ட் எம்சி-505 என்ற சிறு தாளப்பெட்டி, நான்கு தடங்களில் பதியும் ஒரு டேப் ரெக்கார்டர், அவ்வளவுதான் சாமான். முதலில் வந்த ‘கலாங்’ என்ற பாட்டு 500 இசைத்தட்டுகள் மட்டும் அச்சடிக்கப்பட்டு வெளியானது.

அந்தப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஒலி சுத்தமாக இருக்காது, தகரத்தில் தட்டுவதுபோல வறண்டிருக்கும். மேலே மாயாவின் குரல் ஏறி இறங்காமல், தெருவில் ஒருவரைக் கூப்பிடும் தொனியில் ஓடும். கடைசியில் சொற்கள் நின்றுபோய், பொருளற்ற ஓசைகளை ஒரு கூட்டம் சேர்ந்து பாடும். ராப் மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடம் விசித்திரம். நடவு வயலில் தன்னானே கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் விசித்திரம் ஒன்றுமில்லை. பொருளைச் சொல்லி முடித்தபின் ஓசை பாட்டை ஏந்திக்கொள்வது நமக்குப் பழக்கம்.

‘பக்கி டன் கன்’ பாட்டில் பிரேசிலின் ரியோ நகரத்துச் சேரிகளின் ஆட்டத் தாளம் இருக்கிறது, ஹாலிவுட் குத்துச்சண்டைப் படமொன்றின் எக்காளமும் இருக்கிறது. ஆல்பம் முழுவதும் ஜமைக்கா, லண்டன் கிழக்கு, பிரேசில் என்று ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். ஒரு கட்சிக்கு இது புது உலகம். இன்னொரு கட்சிக்கு ஊர் ஊராகப் பொறுக்கிய கதம்பம்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோவை மட்டும் வைத்துப் பார்த்தால் மாயா பெரிய வித்தைக்காரர் அல்ல. 1998ல் வந்த, அமெரிக்க ராப் பாடகி லாரின் ஹில்லின் முதல் தனி ஆல்பத்தில் சொற்கள் தாளத்துக்குள் நுழைந்து வெளியேறும் நுட்பம் ‘அருளர்’ ஆல்பத்தில் கிடையாது. எதுகை எளியது, சில இடங்களில் குழந்தைப் பாட்டு மாதிரி. அந்தக் குறையைச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொற்களை எந்த ஒலிக்குள் வைத்தார் என்று பார்த்தால் அவருக்கு முன்னால் அந்த இடத்தில் யாரும் நின்றதில்லை. அகதிக் குடியிருப்பின் சுவர் வழியாக நாலு வீட்டுப் பாட்டும் ஒரே நேரத்தில் கேட்பதுபோன்ற ஒலி அது. கதம்பம் என்று குறை சொன்னவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.

2. யார் செய்தது?

ஆல்பத்துக்கு முன்பு, 2004 கடைசியில், அமெரிக்க டிஜே டிப்லோவுடன் சேர்ந்து மாயா ஒரு மிக்ஸ்டேப் வெளியிட்டார். அது இணையத்தில் கைமாறிக் கைமாறிப் பரவியது. பெரும்பாலோர் முதலில் கேட்டது அதைத்தான். அப்புறம் ஆல்பம் வந்தபோது, ‘அருளர்’ முழுவதையும் டிப்லோ கட்டிக் கொடுத்தார் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. உண்மையில் ஆல்பத்தில் அவர் பங்கு ‘பக்கி டன் கன்’ என்ற ஒரு பாட்டோடு முடிந்துவிடுகிறது. மற்றப் பாட்டுகளில் வேலை செய்தவர்கள் வேறு பலர். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தவர் மாயா ஒருவர்தான். 2007ல் ஒரு பேட்டியில் இதை அவரே கோபத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது.

இந்தச் சந்தேகம் மாயாவுக்கு மட்டும் வந்ததல்ல. 1996ல் லில் கிம் என்ற நியூயார்க் பெண் தன் முதல் ஆல்பத்தில் உடலைப் பற்றி, ஆசையைப் பற்றி, அதுவரை ஆண்கள் மட்டுமே பாடிய துணிச்சலில் பாடினார். உடனே எழுந்த முதல் கேள்வி, அதை எழுதியது அவருக்கு வழிகாட்டிய ஆண் ராப்பர்தானா என்பது. 2018ல் முதல் ஆல்பம் வெளியிட்டு, அடுத்த ஆண்டு சிறந்த ராப் ஆல்பத்துக்கான கிராமி விருதைத் தனியாக வென்ற முதல் பெண்ணான கார்டி பி மீதும் இதே சந்தேகம் பாய்ந்தது. தன்னோடு சேர்ந்து எழுதியவர்களின் பெயரை அவர் மறைக்கவும் இல்லை. ஆண் ராப்பர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள், பீட்டை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘டீம்’. பெண் அதையே செய்தால் ‘யாரோ செய்து கொடுத்தது’.

நம் ஊர்க் கூத்தை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தவறான கணக்கு என்று புரியும். கூத்தில் பாட்டும் வசனமும் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததுதான். மிருதங்கமும் முகவீணையும் வேறு ஆட்கள் கையில். ஆனாலும் கர்ணன் வேஷக்காரர் விடியற்காலையில் அடிபட்டு விழும்போது அழுகிற கூட்டம், ‘இது வாத்தியார் செய்தது’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதில்லை. அரங்கத்தில் நின்று குரலையும் உடலையும் கொடுத்தவருக்கு அது சேர்கிறது. வாத்தியாருக்குச் சேர வேண்டியது வாத்தியாருக்குத் தனியாகச் சேர்கிறது.

3. இவர் புலிகள் ஆளா?

கடினமான கேள்வி இதுதான். ஆல்பத்தின் அட்டையில் புலி இருக்கிறது, டாங்கி இருக்கிறது. பாட்டுகளில் குண்டு, துப்பாக்கி என்ற சொற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விடுதலைப் புலிகளை இந்தியா 1992ல் தடை செய்திருந்தது, அமெரிக்கா 1997ல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது, பிரிட்டன் 2001ல். நியூயார்க் கோபுரங்கள் விழுந்து நாலு வருடம்கூட ஆகாத சமயம். ஆல்பம் வந்த நாலாவது மாதம் லண்டன் சுரங்க ரயிலிலேயே குண்டு வெடித்தது. அந்தக் காலத்தில் இந்தச் சொற்கள் வெறும் சொற்களாகக் காதில் விழாது.

‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் ஒரு வரியில் வருகிறது. அந்த ஒரு வரிக்காக எம்டிவி அந்த வீடியோவைப் போடத் தயங்கியது. வரியை எடுக்க மாட்டேன் என்று மாயா நின்றுவிட்டார். சண்டை அந்த வரியைச் சுற்றியே நடந்ததால், பாட்டு சொன்ன கதையைக் கேட்டவர்கள் குறைவு.

கதை இதுதான். ஒரு மனிதனைச் சுவரோரம் மடக்குகிறார்கள். எனக்கு அவர்களைத் தெரியாது, நான் அங்கே இல்லை என்கிறான். ஒரு போட்டோவைக் காட்டி, இதில் அவர்களோடு நிற்பது நீதானே என்று கேட்கிறார்கள். பிறகு சுட்டுவிடுகிறார்கள். இத்தனையும் சில வரிகளுக்குள் முடிகிறது. உடனே பழைய அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்த, வெயிலில் மழை தூறுவதுபோல இனிமையான ஒரு பல்லவி வருகிறது. அடுத்த சுற்று.

ஈழத்துத் தமிழில் இதன் பின்னால் உள்ள அனுபவத்துக்குத் தனிச் சொல்லே உண்டு. ‘தலையாட்டி’. சுற்றிவளைப்பின்போது ஊர் ஆண்களை வரிசையாக நடத்திக்கொண்டு போவார்கள். முகத்தை மூடிய ஒருவர் வண்டியில் உட்கார்ந்திருப்பார். யாரைப் பார்த்து அவர் தலையை ஆட்டுகிறாரோ அவருடைய வாழ்க்கை அன்றோடு மாறிவிடும். ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் தலையாட்டிக்குப் பதில் போட்டோ, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வீடியோ தென்னிந்தியக் காட்டில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது லண்டன் கற்பனை இல்லை என்பது புரியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு வேறு எங்கும் இல்லாத கனம் இருக்கிறது. தும்பலஅள்ளி, பாம்பாறு என்று இங்கே அணைகளை ஒட்டியே இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தன. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021ல்தான் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் தலைமுறை இருக்கிறது. மாயாவின் குடும்பத்துக்கு லண்டன் கிடைத்தது. அது கிடைக்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள். ‘கஷ்டத்தை ஃபேஷனாக விற்கிறார்’ என்று லண்டன் விமர்சகர் எழுதுவதும், முகாமில் வளர்ந்த ஒருவர் ‘எங்கள் கதையைச் சொல்ல இவருக்கு என்ன உரிமை’ என்று கேட்பதும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியும். முதலாவது, அரசியல் பேசும் பெண்ணின் உடையைப் பார்த்துச் சொன்னது. இரண்டாவது, விட்டுப்போனவரிடம் இங்கேயே இருந்தவர் கேட்கும் கணக்கு. பதில் சொல்ல வேண்டிய கேள்வி இரண்டாவதுதான்.

என் பதில்: ‘அருளர்’ எந்த இயக்கத்துக்கும் வாதாடவில்லை. வாதம் என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை, அதுதான் அதன் பலவீனமும். பத்து டாலருக்குப் போகும் ஒரு சிறுமி, கடத்தப்பட்ட ஒரு பெண், சுவரோரம் நின்ற ஒரு மனிதன் என்று துண்டு துண்டாகக் காட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறது. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பதற்குள் போவதில்லை. புலிச் சின்னத்தை அட்டையில் வைத்துவிட்டு, அந்தச் சின்னத்தால் ஈழத்துத் தமிழர்களே பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போவது குறைதான். அப்பா இருந்த இயக்கமே வேறு என்னும்போது அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் குறையாகச் சொல்வது ஒன்று, பயங்கரவாதி என்று முத்திரை குத்துவது வேறு. 2005ல் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

4. வெளியே கேட்கப்படாத நாலாவது கேள்வி

ஒரு பெண் இவ்வளவு உரக்கப் பேசலாமா? இதை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. மற்ற மூன்றுக்குள்ளும் ஒளிந்திருக்கும். குரல் கரடுமுரடு என்பார்கள், யாரோ எழுதிக் கொடுத்தது என்பார்கள், நடிக்கிறார் என்பார்கள்.

2010ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று மாயாவைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் விலையுயர்ந்த ட்ரஃபிள் காளான் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்று அதில் ஒரு வரி. படித்தவர்களுக்கு மனதில் நின்றது அந்த வறுவல்தான். பேட்டியின் ஒலிப்பதிவை மாயா வெளியிட்டபோது, அந்த வறுவலை வாங்கலாம் என்று சொன்னது பேட்டி எடுத்தவர் என்று தெரியவந்தது. தட்டில் என்ன இருந்தது என்பதை வைத்து ஒரு பாட்டின் உண்மையை அளந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை

அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் ‘அருளர்’ எட்டிய உச்சம் 190வது இடம். பிரிட்டனில் 98. இதைப் பார்த்தால் தோல்வி. அதே ஆண்டு அமெரிக்க விமர்சகர்கள் நூற்றுக்கணக்கில் வாக்களிக்கும் பாஸ் அண்ட் ஜாப் கணிப்பில் இரண்டாம் இடம். பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

விமர்சகர்கள் தூக்கிவைத்தார்கள், மக்கள் கேட்கவில்லை என்று இதை விளக்கிவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். 2005ன் பட்டியல்கள் விற்ற பிரதிகளை எண்ணியவை. மாயாவின் பாட்டுகள் பரவிய வழி எம்பி3 கோப்புகளும் மிக்ஸ்டேப்பும். நண்பர் அனுப்பிக் கேட்டவரை அந்தக் கணக்கில் சேர்க்க வழியே இல்லை. பில்போர்டு ஆல்பம் பட்டியல் இணையத்தில் கேட்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது 2014 டிசம்பரிலிருந்துதான். ஆகவே பழைய ஆல்பம் ஒன்றை ‘ஓடியது’, ‘ஓடவில்லை’ என்று சொல்லும்போது எந்த அளவுகோலால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தகடூர்க் காது

பெண் உரக்கப் பேசுவது இந்த மண்ணுக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், அதியமான் அவைக்குப் போய் வரலாம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது புறநானூற்றின் 95வது பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இவ்வளவுதான் பாட்டு. எதிரியின் வீட்டில் நின்றுகொண்டு, அவன் பெருமையாகக் காட்டிய பொருளையே எடுத்து அவன் மேல் எறிகிறார். ராப் போட்டியில் எதிராளியை மட்டம் தட்டும் வரிக்கு இதைவிடச் சுத்தமான இலக்கணம் நான் எங்கும் படித்ததில்லை.

கூத்துக்கும் வருவோம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துகில் உரியும் இரவு, திரௌபதி வேஷம் கட்டியவர் சபையைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளில் மாமனார், கணவன், குரு யாருக்கும் விலக்கு இல்லை. கூட்டம் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். கடைசி நாள் படுகளத்தில், மண்ணில் நீளமாகப் படுத்திருக்கும் துரியோதனன் உருவத்தின் தொடையைப் பீமன் பிளந்ததும், அந்தச் சிவப்பை எடுத்துக் கூந்தலில் தடவி முடிகிறபோது பெண்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெண்ணின் கோபத்தை, பழியை, ரத்தத்தை இத்தனை நேரடியாகக் கேட்கத் தெரிந்த காது இந்தப் பகுதியினுடையது.

ஆனால் அந்தத் திரௌபதி வேஷத்தைக் கட்டி வந்தவர்கள் வழிவழியாக ஆண்கள். அந்தச் சொற்கள் பெண்ணுடையவை, வாய் ஆணுடையது. ராப்புக்கு வேஷம் கிடையாது. பாடுபவர் தன் பெயரில், தன் வாயால், ‘நான்’ என்று சொல்லிப் பாடுகிறார். சாமியாகக் கேட்டால் கும்பிட முடிகிற அதே கோபத்தை, ஒரு பெண் தன் பெயரில் சொல்லிக் கேட்கும்போது காது திகைத்து நிற்கிறது. ‘அருளர்’ கேட்டுவிட்டு இங்கே பிள்ளைகளிடம் “என்னடி இது, பொம்பள இப்படிக் கத்துது” என்று அம்மாக்கள் கேட்பது இந்தத் திகைப்பில்தான். அதே அம்மா படுகளத்தில் முன்வரிசையில் நிற்பவர்.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றிச் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரஃப் 2015ல் ராப் பாடி வெளியிட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்தக் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அதற்குப் பின்னால் தொழிலாளர்கள் பல வருடம் நடத்திய போராட்டம் இருந்தது, பாட்டு அதை ஊர் உலகத்துக்குக் கொண்டுபோனது. துணிச்சலான பாட்டினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த அளவு பதில் போதும் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு

அமெரிக்காவில் தங்கி இரண்டாவது ஆல்பம் செய்ய நினைத்த மாயாவுக்கு 2006ல் விசா சிக்கல் வந்தது. அதனால் வேலை இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று ஊர் ஊராக நகர்ந்தது. 2007ல் வந்த அந்த ஆல்பத்தில் நம் உறுமி மேளம் முழங்குவதற்கு அந்த அலைச்சல்தான் காரணம். ‘அருளர்’ பிடிக்காதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். தாளம் காதுக்கு உடனே பிடிபடும். விசாவுக்கு அலைந்த எரிச்சலிலிருந்து பிறந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நாலாவது இடம் வரை போனது. 2009 தொடக்கத்தில் அந்தப் பாட்டு கிராமி பரிந்துரையில் இருந்தது, ஏ.ஆர். ரஹ்மானோடு சேர்ந்து செய்த ‘ஓ சாயா’ ஆஸ்கர் பரிந்துரையில் இருந்தது. நிறைமாதக் கர்ப்பிணியாக, மருத்துவர்கள் குறித்திருந்த தேதியிலேயே, அவர் கிராமி மேடையில் நின்று பாடினார்.

அந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் ‘கலா’. அம்மாவின் பெயர். அப்பாவின் பெயரைச் சுமந்த முதல் ஆல்பத்தைப் பற்றி, அந்த அப்பா யார், எந்த இயக்கம் என்று உலகம் வருடக்கணக்கில் பேசியது. பிள்ளைகளை வளர்த்த அம்மாவைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. 2019ல் பிரிட்டிஷ் அரசு இசைப் பணிக்காக மாயாவுக்கு எம்.பி.இ. பதக்கம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அருளர் காலமானார். அகதியாக வந்து லண்டனில் தையல் வேலை செய்த நாட்களில், அரசியின் பதக்கங்களை ஆயிரக்கணக்கில் கையால் தைத்துக் கொடுத்தவர் கலா. பதக்கத்தை அவர் பெயரால் ஏற்றுக்கொள்வதாக மாயா எழுதினார்.